எண்பத்தாறு வார்த்தைகளும் நானூற்று நாற்பத்து நான்கு பொட்டுகளும்

ஐப்பசி நான்காம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணி பதினேழு நிமிடம். வானம் மூடிக் கிடந்தது. மழை ஓய்ந்திருந்தாலும் ஓட்டு விளிம்பிலிருந்து நிமிடத்துக்கு இருபத்திரண்டு சொட்டு விழுந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியை அறையில் பெரியவர்கள் ஒன்பது பேர் இருந்தோம். நடுவில் எட்டாம் வகுப்பு ஷிஃபானா நின்றாள். அவள் நெற்றியில் வரிசையாக மூன்று அரக்குச் சிவப்புப் பொட்டுகள்.

அவளுடைய வாப்பா மைதீன் சாகிப் கோட்டாறில் கொப்பரை மண்டி வைத்திருப்பவர். வெள்ளிக்கிழமை மகள் ஒரு பொட்டோடு வீட்டுக்கு வந்தாள் என்று புகார் சொல்ல வந்திருந்தார். விசாரிப்பதற்காக வகுப்பிலிருந்து அவளை அழைத்தபோது மூன்றோடு வந்தாள்.

"என் பிள்ளைக்கு இந்தப் பொட்ட வச்சது ஆரு?" என்று அவர் கேட்டது அது நான்காவது தடவை.

அறையில் இருந்த ஏழு பேருக்குப் பதில் தெரியாது. இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவர் நூலக ஆசிரியை சுனிதா. இன்னொருவர் நான். பொட்டை வைத்தது நானில்லை. ஆனால் அதைக் கடையில் காசு கொடுத்து வாங்கியது நான். வாங்கியது ஒன்றிரண்டல்ல, முப்பது அட்டை.

இது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லுமுன் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பேச்சிப்பாறை அணையில் முப்பத்தொரு வருடம் நீர்மட்டம் பார்த்து எழுதிய உத்தியோகம் என்னுடையது. காலை ஆறு மணிக்கு 'கேஜ்' என்கிற அளவுகோலைப் பார்க்கவேண்டும், எழுதவேண்டும். ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடமாகிறது. ஊரில் இன்றும் என்னை 'கேஜ் சார்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அளவு பார்க்கிற வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. பேருந்தில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். கல்யாண வீட்டில் பந்தியை எண்ணுவேன். என் மனைவி பகவதி தும்மினால் அதையும். (அதிகபட்சம் ஒன்பது. கார்த்திகை மாதம்.)

இப்படிப்பட்டவனைத்தான் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பொதுமனிதராகப் போட்டிருந்தார்கள்.

புரட்டாசி மாதக் கூட்டத்தில் செல்வமணி எழுந்தார். பெயிண்டும் பைப்பும் விற்கிற கடைக்காரர். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகன், விருந்துக்கு வந்த அத்தையை, சம்பந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஒரு வார்த்தை சொல்லிவிட்டானாம். எங்கே படித்தாய் என்று முதுகில் இரண்டு வைத்துக் கேட்டதற்கு, பள்ளி நூலகத்தில் என்றிருக்கிறான். செல்வமணி புத்தகத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

கடற்கரை ஜனங்களைப் பற்றி நம் ஜில்லாக்காரர் ஒருவர் எழுதிய கதைகள். நூற்று அறுபத்தெட்டுப் பக்கம், பதினேழு கதை. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்னொருவர் எண்ண ஆரம்பிப்பார். நூலகத்தில் நான்கு பிரதி இருந்தது. வாங்கியது சுனிதா டீச்சர்.

"பிள்ளையள பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதது நல்லது நாலு படிக்க. இந்தச் சீத்த வார்த்தை எல்லாம் என் கடை வாசல்லயே ஓசிக்குக் கிடைக்கும். அதுக்கு பஸ் பாஸ் எதுக்கு?" என்றார் செல்வமணி.

பின் வரிசையிலிருந்து ஒரு அம்மாள், "அது நம்ம பேச்சுதானே அண்ணாச்சி. நாம பேசுததத்தானே எழுதியிருக்காவ" என்றாள்.

"பேசுதது வேற, அச்சடிக்குதது வேற. நான் கடையில கைலி கட்டிக்கிட்டுதான் நிக்கேன். அதுக்காகப் பள்ளிக்கூடத்துக்குக் கைலியிலயா வந்திருக்கேன்?"

இது நல்ல வாதமாக எனக்குப் பட்டது. அடுத்து சுனிதா டீச்சர் பேசியதும் நல்ல வாதமாகப் பட்டது. (என் குறை அது. கடைசியாகப் பேசுகிறவர் பக்கம் சாய்ந்துவிடுவேன்.)

"ஒம்பதாம் கிளாஸ்ல இதுவரைக்கும் ஒரு புத்தகங்கூட எடுக்காத பிள்ளைய பதினாலு பேரு சார். அவ்வளவு பேரும் இந்தப் புத்தகத்த எடுத்திருக்காங்க. தங்க வீட்ல பேசுத மாதிரி ஒரு புத்தகத்துல இருக்குன்னு நம்பாம திரும்பத் திரும்ப வந்து பாக்காங்க."

"அவனுவ என்னத்தப் பாக்கானுவன்னு எனக்குத் தெரியும் டீச்சர்" என்றார் செல்வமணி. எல்லோரும் சிரித்தார்கள். சுனிதாவும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. ஏனென்றால் அடுத்தாற்போல் அவர், "புத்தகமும் போகணும், இத வாங்கினவங்களும் போகணும்" என்றார்.

சுனிதாவின் வேலை நிரந்தரமானதல்ல. கழகத்தின் பணத்திலிருந்து மாதம் ஒன்பதாயிரம். கணவன் மஸ்கட்டில் வேலை போய்த் திரும்பி வந்து பதினோரு மாதமாக வீட்டில் இருந்தான். அந்த ஒன்பதாயிரத்தில்தான் அடுப்பு எரிந்தது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஆமாம் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலைமையாசிரியை ஸ்டெல்லா டீச்சர் மின்விசிறியைப் பார்த்தார்.

அப்போதுதான் நான் எழுந்தேன். எழுந்திருக்க வேண்டாம் என்று என் முழங்கால் சொல்லியது. கேட்கவில்லை.

"கெட்ட வார்த்தை இருக்கிறது, இருக்கிறது என்கிறீர்கள். எத்தனை இருக்கிறது? அது தெரியாமல் எப்படி முடிவு செய்வது?" என்றேன்.

கூட்டம் என்னை நன்றியோடு பார்த்தது. எண்ணி முடிக்கிறவரை யாரும் எந்தப் பக்கமும் பேசவேண்டியதில்லை. புத்தகத்தை என் கையில் கொடுத்து, கடலை மிட்டாய் தின்றுவிட்டுக் கலைந்தார்கள்.

நான்கு நாள் எண்ணினேன். நினைப்பதுபோல் எளிதல்ல. 'சவம்' என்ற வார்த்தை இருபத்திரண்டு இடத்தில் வருகிறது. அதில் மூன்று இடத்தில் நிஜமாகவே பிணம். அவற்றைக் கழித்தேன். மீதிப் பத்தொன்பதும் உயிரோடு இருப்பவர்களைச் சொன்னது, சேர்த்துக்கொண்டேன். 'பட்டி' எட்டு இடத்தில் வந்தது. இரண்டு இடத்தில் அது நாலு கால் நாய். கழித்தேன். மூதி, தெண்டி, நாறப்பயல், எரப்பாளி என்று மற்றதெல்லாம் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. இங்கே எழுத முடியாத வார்த்தை ஒன்று நான்கு தடவை. ஆக எண்பத்தாறு. இருமுறை சரிபார்த்தேன்.

கண்ணாடியைக் கழற்றி வைத்தபோது பகவதி கேட்டாள்: "கத எப்படி இருக்கு?"

"எந்தக் கதை?"

"நாலு நாளா கையில வச்சிருக்கியளே, அந்தப் புத்தகத்துல உள்ள கத. படிக்கல்லியா?"

"எண்ணினேன்" என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் என் யோசனையைச் சொன்னேன். நூற்று அறுபத்தெட்டுப் பக்கப் புத்தகத்தில் எண்பத்தாறே வார்த்தை என்றால் இரண்டு பக்கத்துக்கு ஒன்றுதான். அந்த எண்பத்தாறை மறைத்துவிட்டால் புத்தகமும் இருக்கும், டீச்சரும் இருப்பார், செல்வமணியின் மகனுக்கும் ஒன்றும் கிடைக்காது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். செல்வமணிகூடத் தலையாட்டினார். மறைக்கிற பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு எட்டுப் பேர் என்னைப் பார்த்தார்கள்.

முதலில் கறுப்பு மார்க்கர் வாங்கினேன். மை மறுபக்கம் ஊறிவிட்டது. பதினொன்றாம் பக்கத்தில் நாறப்பயலை அழித்ததில் பன்னிரண்டாம் பக்கத்தில் மாப்பிள்ளை அழிந்துபோனார். கல்யாணம் நடக்கிறது, தாலி இருக்கிறது, மாப்பிள்ளை மட்டும் இல்லை. அடுத்து, எழுத்தை அழிக்கிற வெள்ளை மை. அது காய்ந்ததும் வயல் வெடிப்பதுபோல் வெடித்து, வெடிப்பு வழியாக வார்த்தை இன்னும் கெட்டதாகத் தெரிந்தது.

மறுநாள் சவரம் செய்துகொள்ளக் கண்ணாடி முன் நிற்கும்போதுதான் அதைக் கண்டேன். கண்ணாடியின் ஓரம் முழுக்கப் பகவதியின் ஸ்டிக்கர் பொட்டுகள். பதினான்கு இருந்தன. ஒன்றை உரித்து வந்து புத்தகத்தில் 'சவம்' மேல் வைத்தேன். அளவெடுத்து வெட்டியதுபோல் மூடியது. 'எரப்பாளி'க்கு இரண்டு தேவைப்பட்டது.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்லவேண்டும். எனக்குக் கல்யாணமாகி நாற்பத்து நான்கு வருடம். தினமும் இரவில் அவள் பொட்டை உரித்துக் கண்ணாடியில் ஒட்டுவதையும், காலையில் கண்ணாடியிலிருந்து உரித்து நெற்றியில் ஒட்டுவதையும் பார்த்திருக்கிறேன். உரிப்பதற்கும் ஒட்டுவதற்கும் என்றே செய்யப்பட்ட சாதனம் அது. கண்ணாடியிலிருந்து நானே ஒன்றை உரித்துத்தான் சோதனையும் செய்தேன். இருந்தும் அது புத்தகத்தில் ஒட்டினால் ஒட்டினபடி இருக்கும் என்று நம்பினேன்.

ஒரு பிரதிக்கு ஒற்றைப் பொட்டு வார்த்தைகள் அறுபத்தொன்று, இரட்டைப் பொட்டு வார்த்தைகள் இருபத்தைந்து. மொத்தம் நூற்றுப் பதினொரு பொட்டு. நான்கு பிரதிக்கு நானூற்று நாற்பத்து நான்கு. அட்டைக்குப் பதினைந்து வீதம் முப்பது அட்டை வேண்டும். பேன்சி ஸ்டோரில் கேட்டேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்ல எத்தன பொம்பளைய ஓய்?"

"ஒருத்திதான்."

"அவிய நெத்தி நல்ல வீதியா?"

வீதி என்றால் எங்கள் பக்கத்தில் அகலம். முந்நூறு ரூபாயைக் கொடுத்தேன்.

வீட்டில் பகவதி கேட்டதற்கு, "கமிட்டி விஷயம், வெளியே சொல்லக்கூடாது" என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டி முடிக்க மூன்று நாளாயிற்று. மீந்த ஆறு பொட்டை அவளிடம் கொடுத்தேன்.

"நாப்பத்தி நாலு வருசத்துல எனக்கு வாங்கித் தந்த முதல் பொட்டு. அதும் மிச்சம் வந்தது" என்றாள்.

புத்தகங்களைக் காகிதத்தில் பொதிந்து பள்ளிக்குக் கொண்டுபோன அன்று ஸ்டெல்லா டீச்சர் பயிற்சிக்காக மதுரை போயிருந்தார். சுனிதா டீச்சர்தான் பிரித்துப் பார்த்தாள். பக்கத்தைப் புரட்டப் புரட்டக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேலை தப்பித்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"சார், பிள்ளைய இத உரிக்க மாட்டாங்களா?" என்றாள்.

"உரித்தால் கெட்ட வார்த்தைதானே கிடைக்கும்? அதற்கு யார் ஆசைப்படுவார்கள்?" என்றேன்.

எழுபத்தொரு வயதில், முழு நினைவோடு, இந்த வாக்கியத்தை நான் சொன்னேன்.

அடுத்த வாரம் மாலை நடையில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளில் நிறையப் பேர் நெற்றியில் பொட்டு. பெண் பிள்ளைகள் மட்டுமல்ல, ஆண் பிள்ளைகளும். முதல் நாள் ஆறு, மறுநாள் பதினேழு, மூன்றாம் நாள் நாற்பத்தொன்று. ஒருவன் நான்கு பொட்டை நெடுக்காக வைத்திருந்தான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திடீரென்று பக்தி வந்திருக்கிறதே என்று எனக்கு மகிழ்ச்சி. அந்த நான்கு பொட்டுக்காரனை நிறுத்தி, "நல்லா இரு மக்கா" என்று தலையில் கைவைத்து ஆசீர்வாதமும் செய்தேன். அவன் கூட்டாளிகளிடம் ஓடிப்போய் என்னவோ சொன்னான். ஒன்பது பேர் சிரித்தார்கள்.

நடந்தது இதுதான். பொட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் ஒருவன் உரித்துப் பார்த்திருக்கிறான். உரித்த பொட்டை எங்கே போடுவது என்று தெரியாமல் நெற்றியில் வைத்திருக்கிறான். அதைப் பார்த்து இன்னொருவன். பிறகு அது சட்டமாகிவிட்டது: ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தால் ஒரு பொட்டு, பெரிய வார்த்தைக்கு இரண்டு. மற்றவர்கள் நெற்றியைப் பார்த்து வார்த்தையைச் சொல்லவேண்டும். முன்பு நாளைக்குப் பதினொரு பேர் வந்த நூலகத்தில் இடைவேளையில் வரிசை நின்றது. நான்கு பிரதிக்கும் முன்பதிவு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது: 'நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் பொட்டு வைத்து அனுப்புகிறார்கள். கேட்பார் இல்லையா?' ஷிஃபானா நெற்றியில் ஒன்று. நகைகூடப் போடாத பெந்தெகொஸ்தே சபைப் பாஸ்டரின் மகன் நெற்றியில் இரண்டு. ஒரு மணி நேரத்தில் நூற்று முப்பத்தெட்டுச் செய்தி. பொட்டு வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. உன் பிள்ளைக்கு நாங்கள் சிலுவை போட்டு அனுப்பட்டுமா என்று இன்னொரு கூட்டம். எங்கள் ஜில்லாவில் இந்தப் பேச்சு ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கெட்ட வார்த்தையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சிலர் அந்தக் குழுவிலேயே புதிதாகச் சில எழுதினார்கள். அவற்றை நான் எண்ணவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

கடைசிச் செய்தி செல்வமணியுடையது: 'நூலகத்துக்குப் போன பிள்ளைகள்தான் பொட்டோடு வருகிறார்கள். நான் அன்றைக்கே சொன்னேன்.'

அப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை வந்தது. ஒன்பது பேர் என்று சொன்னேனே, அதில் மைதீன் சாகிப், பாஸ்டர், செல்வமணி, ஸ்டெல்லா டீச்சர், சுனிதா, நான், மீதி மூன்று பேர் கழகத்துக்காரர்கள். சாகிப் நான்காவது தடவை கேட்டதும் ஸ்டெல்லா டீச்சர் சுனிதாவைப் பார்த்து, "நீங்களா வச்சீங்க?" என்றார்.

"இல்ல டீச்சர்."

"பின்ன ஆரு?"

சுனிதா ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை. நான் ஓட்டுச் சொட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டு. பத்தொன்பது.

ஸ்டெல்லா டீச்சர் சிறுமி பக்கம் திரும்பினார். "பயப்படாத மக்கா. ஆரு வச்சா?"

"நான்தான் டீச்சர் வச்சேன்."

"எங்கருந்து எடுத்தே?"

"இது நாப்பத்திமூணாம் பக்கம்" என்று முதல் பொட்டைத் தொட்டாள். "இது அம்பத்தெட்டு. இதும் அம்பத்தெட்டு."

சாகிப்புக்கு விளங்கவில்லை. "பக்கமா? என்ன மோளே சொல்லுதே?"

"புத்தகத்துல வாப்பா. சீத்த வார்த்தைய மறச்சு ஒட்டியிருக்கு. உரிச்சா வார்த்த இருக்கும். கேஜ் தாத்தா ஒட்டினதுன்னு எல்லாரும் சொன்னாவ."

பதினாறு கண்கள் என்மேல் திரும்பின. நான் எழுந்தேன். இந்தத் தடவை முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் வெட்கமாக இருந்திருக்கும்.

"பொட்டு நான் வாங்கியது. டீச்சருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றேன்.

"நீரா ஓய்?" என்றார் சாகிப். "மூணு நாளா நான் உறங்கல்ல. ஜமாத்துல நாலு பேரு வந்து கேட்டாச்சு. எந்த அமைப்பு, எந்தக் கட்சின்னு ஆளுக்கொண்ணு சொல்லுதான். கடைசியில நீரா?"

பாஸ்டர் முன்னால் வந்து மெதுவாகக் கேட்டார்: "என் மகனுக்கு ரெண்டு இருந்துதே சார். அது என்ன வார்த்தை?"

"பக்கத்தில் பக்கத்தில் இருந்ததா, தள்ளியா?"

"ஒட்டினாப்ல."

"அப்படியானால் எரப்பாளி" என்றேன்.

பாஸ்டர் தலையாட்டினார். "எங்க அப்பா என்னயக் கூப்பிடுதது அதுதான்" என்றார். முதலில் சிரித்தது சாகிப்தான். பிறகு மகளிடம், "ஒனக்க நாப்பத்திமூணு என்னது?" என்று கேட்டார்.

அவள் தயங்கினாள். "நீங்க கணக்கப்பிள்ளைய ஃபோன்ல விளிக்கது வாப்பா."

சாகிப் சிரிப்பை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் ஆரம்பித்தார்கள்.

செல்வமணி மட்டும் சிரிக்கவில்லை. "செரி. மறச்சும் பாத்தாச்சு. ஊரே ரெண்டாகப் பாத்துது. இனியாவது அந்தப் புத்தகத்தத் தூக்குங்க. தப்பு தொடங்கினது வாங்கினதுலதான்" என்றார்.  சுனிதா தன் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நூலகத்திலிருந்து புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னேன்.

நான்கு பிரதிகளும் வந்தன. நான் புரட்டி எண்ணினேன். (வேறென்ன செய்வேன்?) நானூற்று நாற்பத்து நான்கில் நானூற்று முப்பத்தாறைக் காணோம். எட்டு மட்டும் இருந்தன. நான்கு பிரதியிலும் அதே நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தில், இரண்டிரண்டாக. வரிசை எண் எழுபத்தொன்று: 'பேதியில போவான்.'

"இது பிள்ளையளுக்குக் கிட்டல்ல போல" என்றார் செல்வமணி.

"கிட்டிச்சு மாமா" என்றாள் ஷிஃபானா. "உரிச்சுப் பாத்தோம். திருப்பி அங்கயே வச்சாச்சு."

"அதென்ன, அத மட்டும்?"

"அத ஆரும் நெத்தியில வைக்கல்ல. அந்த அம்ம கடக்கரையில நின்னுட்டு பெத்த மோனத் திட்டுதா. வள்ளம் வந்துட்டு. அவன் வரல்ல." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு, "நான் கிளாசுக்குப் போட்டா டீச்சர்? கணக்குப் பரீச்சை இருக்கு" என்றாள்.

செல்வமணி ஒரு பிரதியை வாங்கி அந்தப் பக்கத்தைப் படித்தார். பிறகு முந்தின பக்கத்துக்குப் போனார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கதையின் தொடக்கத்தைத் தேடி எடுத்தார். ஒன்பது பக்கக் கதை. பன்னிரண்டு நிமிடம் நாங்கள் எட்டுப் பேரும் ஒரு பெயிண்ட் கடைக்காரர் படிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார் என்றெல்லாம் எழுத ஆசைதான். அவர் துடைத்தது கண்ணாடியை.

"அவன் அத்தைய சொன்ன வார்த்தையும் இதே மாதிரி ஒரு கதையிலதான் இருக்கா?" என்று சுனிதாவிடம் கேட்டார்.

"இனி சொன்னா எந்தப் பக்கம்னு கேளுங்க சார். அந்தப் பக்கத்த வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க."

"எங்க அக்கா முன்னாலயா?" என்றவர், புத்தகத்தை மூடி வைத்து, "கேட்டுப் பாக்கேன்" என்றார். புத்தகத்தைத் தூக்கச் சொல்லி அவர் மறுபடி சொல்லவில்லை. டீச்சரைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசித் தீர்ப்பு சாகிப்புடையது. "நெத்தி என் பிள்ளைக்க நெத்தி. அதுல ஆரும் ஒண்ணும் ஒட்டாண்டாம். வார்த்த இருந்த இடத்துல இருக்கட்டும். வாயி வீட்ல உள்ளது, அத நான் பாத்துக்கிடுதேன்." பிறகு என்னைப் பார்த்து, "முதல்ல எனக்க வாயி" என்றார். வாட்ஸ்அப் குழுவிலும் அவரே குரல் பதிவு போட்டார். பாஸ்டர் அதற்குக் கீழே கைகூப்பும் படம் மூன்று போட்டார். ஊர் அடங்கியது.

புத்தகம் இன்றும் நூலகத்தில் இருக்கிறது. சுனிதா டீச்சரும் இருக்கிறார். சம்பளம் அதே ஒன்பதாயிரம். அதை உயர்த்துவது பற்றி எந்தக் கூட்டத்திலும் யாரும் கமிட்டி போடவில்லை. நான் அன்று சாயங்காலம் நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்துக் கதையை முதல் வரியிலிருந்து படித்தேன்.  எண்ண அதில் ஒன்றும் இல்லை. பிறகு மற்றப் பதினாறையும் படித்தேன்.

பகவதிக்கு விஷயம் தெரிந்தபோது ஒரு மணி நேரம் சிரித்தாள். (நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.) சிரித்து முடித்து, பிள்ளைகளின் சட்டத்தை வீட்டிலும் அமல்படுத்திவிட்டாள். நான் எதையாவது திட்டினால் உடனே கண்ணாடியிலிருந்து ஒரு பொட்டை உரித்து வந்து திட்டு வாங்கினதன்மேல் ஒட்டிவிடுவாள். தண்ணீர் மோட்டாரில் ஒன்பது இருக்கிறது. செய்தித்தாள் போடுகிறவனின் ரசீதில் இரண்டு. அவள் காதில் விழாது என்று நினைத்து நான் என்னையே திட்டிக்கொண்ட ஒரு நாள் என் சட்டைப் பையில் ஒட்டியிருக்கிறாள். அப்படியே வங்கிக்குப் போய் ஓய்வூதியம் வாங்கி வந்தேன். துபாயில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை பேசும்போது உடம்பு எப்படி என்று கேட்பதில்லை. "இந்த வாரம் எத்தன பொட்டுப்பா?" என்கிறான்.

செலவுக் கணக்கையும் முடித்துவிடுகிறேன். இரண்டு மார்க்கர் ஐம்பது ரூபாய், வெள்ளை மை முப்பத்தைந்து, பொட்டு முந்நூறு, ஆட்டோ நூற்று அறுபது. சமாதானமானதும் ஒன்பது பேருக்கும் டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்த வகையில் இருநூற்றுப் பதினாறு. பசை பிடித்துப் பக்கம் ஒட்டிப்போன இரண்டு பிரதிக்குப் பதிலாகப் புதிது வாங்கிக் கொடுத்தது முந்நூற்று அறுபது. அதன் பிறகு இந்த ஏழு மாதமாகப் பகவதி மாதம் இரண்டு அட்டை வீதம் என் கணக்கில் வாங்கிய பொட்டு நூற்று நாற்பது. ஆக ஆயிரத்து இருநூற்று அறுபத்தொரு ரூபாய் என்று கூட்டி எழுதப்போனபோது பேனாவில் மை நின்றுவிட்டது. "சவம்" என்றேன். அவள் அடுக்களையிலிருந்து எழுந்து வந்து, பேனா மூடியில் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனாள்.

அந்த ஒரு பொட்டையும் சேர்த்து, ஆயிரத்து இருநூற்று அறுபத்தொரு ரூபாய் அறுபத்தேழு பைசா.